கடலில் கைதியாக இறந்த பெரிய தாத்தா: எந்த நாளில் கும்பிடுவது, கல்லில் என்ன எழுதுவது?

உசிலைப் பேரன்:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமம், இப்போது குடியிருப்பது மதுரை கூடல்நகரில். என் தாத்தாவுடைய கூடப்பிறந்த அண்ணன், நாங்கள் பெரிய தாத்தா என்று சொல்கிறவர், சின்ன வயதிலேயே ரங்கூனுக்குப் போய், அங்கிருந்து கப்பல் வேலையில் சேர்ந்தார். பிறகு வரவே இல்லை. ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஜப்பான்காரன் போட்ட குண்டில் போய்விட்டார் என்று ஒரு கட்சி, நேதாஜி படையில் சேர்ந்துவிட்டார் என்று ஒரு கட்சி. எதிர்வீட்டுப் பெரியவர் மட்டும் "எம்டன் கப்பல்காரன் பிடிச்சிட்டுப் போயிட்டான்" என்று கடைசி வரை சாதித்தார்.

எங்கள் வீட்டுச் சாமிப் பெட்டியில் அவருடைய வேட்டிக்கு அடியில் ஒரு ஆங்கிலக் கடிதம் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறக்கும்போது அதற்கும் விபூதி பூசி உள்ளே வைத்துவிடுவோம், யாரும் உட்கார்ந்து படித்ததில்லை. இந்தத் தடவை போனில் படம் எடுத்துப் பொறுமையாகப் படித்தேன். ரங்கூனில் இருந்த கப்பல் ஏஜென்ட் 1941ல் அனுப்பியது. விஷயம் இவ்வளவுதான்: அவர் வேலை பார்த்த கெம்மண்டைன் என்ற கப்பல் 1940 ஜூலையில் இந்தியப் பெருங்கடலில் எதிரியிடம் சிக்கியது, அதில் இருந்தவர்கள் கைதியானார்கள், 1940 செப்டம்பர் 22 அன்று பிரான்ஸ் கரைக்குப் பக்கத்தில் வேறொரு கப்பலில் கைதியாக இருந்தபோது இவர் இறந்துவிட்டார், உடல் கிடைக்கவில்லை.

இந்தியப் பெருங்கடலில் பிடிபட்டவர் பிரான்ஸுக்கு எப்படிப் போனார்? பட்டாளத்துக்காரர் இல்லை, துப்பாக்கி தொட்டவர் இல்லை, கப்பலில் "அடுப்படி வேலை" என்றுதான் அப்பத்தா சொல்லும், அது சமையலா பாய்லரா என்றுகூடத் தெரியாது. அப்படிப்பட்ட ஆளின் பெயர் எங்காவது பதிவாகியிருக்குமா?

இன்னொன்று வீட்டு விஷயம். பெரிய அப்பத்தா தாலியைக் கழற்றவே இல்லை. "பொணத்தப் பாக்காம நான் எதுக்குடா அறுக்கணும்" என்று சொல்லிவிட்டதாம். அதனால் கருமாதியும் நடக்கவில்லை. இப்போது சித்தப்பா எங்கோ குறி கேட்டுவிட்டு வந்து, கடலில் கிடக்கிறவரைக் கரையேற்றாமல் குடும்பத்தில் ஒன்றும் விளங்காது என்று நிற்கிறார். எனக்குக் குறியில் நம்பிக்கை கிடையாது, ஆனால் அந்த மனிதருக்கு எதுவுமே செய்யாமல் விட்டது எனக்கும் உறுத்துகிறது. மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலுக்கு எல்லாப் பங்காளிகளும் வருவார்கள், அதற்குள் ஒரு கல் வைக்கலாம் என்று பேச்சு. எந்த நாளில் கும்பிடுவது, கல்லில் என்ன எழுதுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய தாள்:

தம்பி, தேதியும் இடமும் பொருந்துகிற கப்பல் ஒன்றுதான். டிர்ரானா. நார்வே நாட்டுச் சரக்குக் கப்பல்.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். 1940ல் ஜெர்மனி சில சரக்குக் கப்பல்களுக்கு மாறுவேடம் போட்டுக் கடலுக்கு அனுப்பியது. வெளியே பார்த்தால் அப்பாவி வணிகக் கப்பல், வேறு நாட்டுக் கொடி, வேறு பெயர், தேவைப்பட்டால் நடுக்கடலிலேயே வேறு பெயிண்ட். பக்கத்தில் போனதும் மறைப்புப் பலகை இறங்கும், பீரங்கி தெரியும். அதில் பெயர் பெற்றது அட்லாண்டிஸ், கேப்டன் பெர்ன்ஹார்ட் ரோகே. அந்தக் கப்பலே முன்பு ஹன்சா கம்பெனியின் கோல்டன்ஃபெல்ஸ் என்ற சரக்குக் கப்பலாக இருந்ததுதான். 1941 நவம்பர் 22ல் ஆங்கிலேயரின் டெவன்ஷயர் கப்பல் அதைத் தீர்த்துக்கட்டும்வரை 22 கப்பல்களைப் பிடித்தோ மூழ்கடித்தோ இருக்கிறது.

கெம்மண்டைன் கிளாஸ்கோவிலிருந்து ரங்கூனுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல், ஹெண்டர்சன் லைன். 1940 ஜூலை 13 அன்று அட்லாண்டிஸிடம் சிக்கியது. அதற்கு இரண்டு நாள் முன்பு சிட்டி ஆஃப் பாக்தாத் என்ற இன்னொரு கப்பலும் இதே மாதிரி சிக்கியிருந்தது. கெம்மண்டைன் பணிந்த பிறகும் அதன் பீரங்கியிலிருந்து ஒரு குண்டு வெடித்துவிட்டது, யாரோ ஒருவர் நிலைமை தெரியாமல் சுட்டது, அதற்காக எல்லோரையும் தொலைத்துக் கட்டாமல் ரோகே விசாரித்துவிட்டு விட்டார் என்று சொல்வார்கள். ஆட்களை எல்லாம் தன் கப்பலுக்கு மாற்றிவிட்டு கெம்மண்டைனை அன்றே மூழ்கடித்தார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாலைந்து கப்பல் ஆட்கள் சேர்ந்துவிட்டால் சோறு தண்ணீருக்கு எங்கே போவது? ஜூன் 10 அன்று பிடித்து வைத்திருந்த டிர்ரானாவில் கைதிகளை ஏற்றி, சின்னதாக ஒரு ஜெர்மன் காவலும் போட்டு, ஆகஸ்ட் தொடக்கத்தில் பிரான்ஸுக்கு அனுப்பினார்கள். அப்போது பிரான்ஸ் ஜெர்மனி கையில் விழுந்துவிட்டது, போர்டோ துறைமுகம் அவர்களுடையது. கப்பலில் 250க்கும் மேற்பட்ட கைதிகள், பெண்களும் குழந்தைகளும் உண்டு. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஆங்கிலேயர் கண்ணில் படாமல் ஏழு வாரம் ஓடி, ஏறக்குறைய வாசலுக்கே வந்துவிட்டார்கள். ஜிரோந்து ஆற்று முகத்துவாரத்துக்கு வெளியே, உள்ளே கூட்டிப்போகத் துணைக்கப்பல் வரும் என்று காத்திருந்த நேரத்தில், செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை, டூனா என்ற நீர்மூழ்கி டார்பிடோ அடித்தது. கப்பல் சில நிமிஷத்தில் போய்விட்டது. 80க்கும் மேற்பட்ட கைதிகள் இறந்தார்கள், நிறையப் பேர் இந்திய மாலுமிகள்.

டூனா ஜெர்மன் நீர்மூழ்கி இல்லை. ஆங்கிலேயர்களுடையது.

நேதாஜி படைக் கதையை விட்டுவிடுங்கள். அந்தப் படை 1942ல்தான் உருவானது, உங்கள் பெரிய தாத்தா அதற்கு முன்பே போய்விட்டார். ஜப்பான் குண்டும் இல்லை, ரங்கூனில் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. நல்லவேளையாகக் கடிதம் அதற்கு முன்பே ஊர் வந்து சேர்ந்திருக்கிறது. இன்னும் சில மாதம் தள்ளியிருந்தால் அனுப்ப அந்த ஆபீசே இருந்திருக்காது.

எதிர்வீட்டுப் பெரியவரை ரொம்பக் கேலி செய்யாதீர்கள். எம்டன் முதல் உலகப் போர்க் கப்பல், 1914 நவம்பர் 9 அன்றே கோகோஸ் தீவில் அதன் கதை முடிந்துவிட்டது. ஆனால் அட்லாண்டிஸ் செய்ததும் அதே வேலைதான், அதே கடலில். யாரோ "எம்டன் மாதிரி ஒரு ஜெர்மன் கப்பல்" என்று சொல்லியிருப்பார்கள், நம் ஊரில் அது எம்டனாகவே நின்றுவிட்டது. எம்டன் சென்னையில் குண்டு போட்டதும் ஒரு செப்டம்பர் 22தான், ராத்திரி நேரம், 1914. இதற்கும் அதற்கும் சம்பந்தம் எதுவும் இல்லை, தேதி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

மேலமாசி வீதி:

அப்படியானால் கொன்றது வெள்ளைக்காரன். அவன் கப்பலுக்கு வேலை பார்த்தவரை அவனே கொன்றிருக்கிறான். இதைக் கல்லில் பெரிய எழுத்தில் வெட்டுங்கள். தியாகி என்றும் போடுங்கள், தியாகி குடும்ப ஓய்வூதியம்கூடக் கேட்டுப் பார்க்கலாம், போனால் ஒரு மனுதான்.

பழைய தாள்:

ஓய்வூதியம் வேண்டாம், அலைச்சல்தான் மிச்சம். அது விடுதலைப் போரில் சிறைக்குப் போனவர்கள், தலைமறைவாக இருந்தவர்கள், இந்திய தேசிய ராணுவத்தினர் போன்றவர்களுக்கு. கம்பெனிக் கப்பலில் சம்பளத்துக்குப் போய் ஜெர்மனியிடம் சிக்கியவர் அதில் வரமாட்டார்.

கொன்றது யார் என்பதைப் பொறுத்தவரை, டூனாவின் தலைமை மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எதிரித் துறைமுக வாசலில் எதிரி ஓட்டும் கப்பல் நிற்கிறது, உள்ளே கைதிகள் என்று வெளியே ஒரு அடையாளமும் இல்லை. அடையாளம் போடாமல் மனிதர்களைச் சரக்கு மாதிரி ஏற்றி அனுப்பியவர்களை முதலில் கேட்க வேண்டும். எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். இதே டூனா 1942 டிசம்பரில் இதே ஜிரோந்து முகத்துவாரத்துக்கு வந்து 10 வீரர்களைச் சிறு படகுகளில் இறக்கிவிட்டது, அவர்கள் துடுப்புப் போட்டுப் போய் போர்டோவில் கப்பல்களுக்கு வெடி வைத்தார்கள், இரண்டே பேர் உயிரோடு திரும்பினார்கள். வீரம்தான், மறுக்கவில்லை. அதைப் பற்றி எழுதாத ஆள் இல்லை. இரண்டு வருஷம் முன்பு அதே தண்ணீரில் போன இந்திய ஆட்களுக்கு நம் மொழியில் ஒரு பக்கம் தேடினாலும் கிடைக்காது.

மேலூர் மெல்பர்ன்:

இது அபூர்வமான சம்பவம் இல்லை, அந்தப் போரில் இப்படி நிறைய. நான் இருக்கும் ஆஸ்திரேலியாவில் மான்டிவீடியோ மாரு என்றால் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ரபாவுலில் ஜப்பானியர் பிடித்த சுமார் 1,000 பேரை ஏற்றிக்கொண்டு போன கப்பல், 1942 ஜூலை 1 அன்று அமெரிக்க நீர்மூழ்கி ஸ்டர்ஜன் அடித்து மூழ்கியது. அதில் ஏறக்குறைய 200 பேர் சிவிலியன்கள், கடைக்காரர்கள், தோட்டக்காரர்கள், அரசாங்கக் குமாஸ்தாக்கள், மதப் பணியாளர்கள். போர் முடிகிறவரை வீட்டாருக்குச் சேதியே இல்லை, அதற்கப்புறமும் பாதிப் பேர் நம்பவில்லை. உங்கள் பெரிய அப்பத்தா தாலி விஷயத்தில் சொன்னதை இங்கே வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறேன், கதவைப் பூட்டாமல் தூங்கிய அம்மாக்கள் உண்டு.

2023 ஏப்ரலில் பிலிப்பைன்ஸின் லூசான் தீவுக்கு அப்பால் 4,000 மீட்டருக்கும் கீழே அந்தக் கப்பலைக் கண்டுபிடித்தார்கள். எதையும் மேலே எடுக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். வாரிசுகளுக்கு அதுவே போதுமாக இருந்தது. இடம் தெரிந்துவிட்டது அல்லவா. உங்களுக்கு இடமும் தேதியும் இரண்டுமே கையில் இருக்கிறது, பலருக்கு அது கிடைக்கவில்லை.

கீழக்கரைக் காற்று:

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை கப்பல்காரர்கள், அதனால் பெயர் தேடும் விஷயத்தை நான் சொல்கிறேன். அண்ணே, முதலில் ஒன்று. பட்டாளத்துக்காரர் இல்லையென்றாலும் பெயர் இருக்கும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், வணிகக் கப்பலில் போரால் இறந்தவர்களையும் சேர்த்துத்தான் பதிவு வைத்திருக்கிறது. வெள்ளைக்கார மாலுமிகளுக்கு லண்டனில் டவர் ஹில்லில் பெயர் வெட்டியிருக்கிறார்கள். இந்திய மாலுமிகளுக்குக் கல் இல்லை, புத்தகம். பம்பாய் நினைவுப் பதிவு, சிட்டகாங் நினைவுப் பதிவு என்று ஒரே பட்டியலுக்கு இரண்டு பிரதி. ஒன்று மும்பையில் மாலுமிகள் இல்லத்தில், மற்றது வங்கதேசத்தில் சிட்டகாங் போர்க் கல்லறையில். கடற்படை ஆட்கள் சில நூறு பேர் போக, மற்ற 6,000 பேர் அளவுக்கு உங்கள் பெரிய தாத்தா மாதிரி வணிகக் கப்பல் ஆட்கள்தான். ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம்.

பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், நொந்துபோவீர்கள். தேதியைப் போடுங்கள். 1940 செப்டம்பர் 22, வணிகக் கப்பல் படை, கப்பல் பெயர் கெம்மண்டைன். வருகிற பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். கருப்பன் என்ற பெயரை சி போட்டும் எழுதியிருப்பான், கே போட்டும் எழுதியிருப்பான், ஊர்ப் பெயரை அப்பா பெயர் என்று நினைத்து ஏற்றியிருப்பான். மதுரை என்றால் அப்போதைய எழுத்தில் "மதுரா" என்றுதான் இருக்கும், ராமநாதபுரம் "ராம்நாட்". ரங்கூனில் ஆள் எடுத்ததால் ஊரே ரங்கூன் என்றும் போட்டிருக்கலாம்.

அடுப்படி வேலை என்று அப்பத்தா சொன்னது பாய்லர் அறையாகவும் இருக்கலாம், சமையல் என்றால் பண்டாரி என்று இருக்கும். மேல்தளத்து ஆள் கலாசி, அவர்களுக்கு மேஸ்திரி டிண்டல், அதற்கு மேலே சாரங். சாரங்தான் ஊரிலிருந்து ஆள் பிடித்து வருவார், சம்பளத்தில் அவருக்கும் ஒரு பங்கு போகும், கடன் கொடுத்து வைத்திருப்பார். பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் வேலையைப் பார்த்தாலே உங்கள் ஆளா இல்லையா என்று பாதி தெரிந்துவிடும்.

எங்கள் பக்கம் கடலில் போய் உடல் வராதவருக்கு ஊர்ப் பள்ளியில் ஜமாஅத் கூடி ஜனாஸா தொழுகை வைப்பார்கள், ஆள் இல்லாமலேயே. தண்ணீரில் போனவருக்கு ஷஹீத் அந்தஸ்து என்பார்கள். ஆண்டு நாளில் பாத்திஹா ஓதிச் சோறு கொடுப்பதோடு சரி. உடல் வரவில்லை என்பதற்காகக் காரியம் நிற்க வேண்டியதில்லை என்று சொல்லத்தான் இதை எழுதினேன்.

அழகர்கோவில் ரோடு:

தவறாக நினைக்க வேண்டாம், ஒரு சந்தேகம். 1940ல் இங்கே காந்தி தனிநபர் சத்தியாகிரகம் தொடங்குகிறார், ஆட்கள் ஜெயிலுக்குப் போகிறார்கள். இவர் வெள்ளைக்காரன் கப்பலில் கரி தள்ளிக்கொண்டிருக்கிறார். அதற்குக் கல், விழா எல்லாம் வேண்டுமா?

கீழக்கரைக் காற்று:

பசிக்குப் போனவரிடம் கொள்கை கேட்கிறீர்களே. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை பார்த்தவர்களில் நாலில் ஒருவர் அளவுக்கு லஸ்கர்கள், அதாவது நம் ஆட்கள். வெள்ளைக்கார மாலுமி வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிது, படுக்கும் இடம்கூடக் குறைத்து அளந்து கொடுத்தார்கள். 1939ல் போர் அறிவித்த உடனே பிரிட்டிஷ் துறைமுகங்களில் இவர்கள் "கூலி ஏற்றாமல் கப்பல் ஏறமாட்டோம்" என்று உட்கார்ந்துவிட்டார்கள், நூற்றுக்கணக்கில் பிடித்து உள்ளே போட்டார்கள், அப்புறம் வேறு வழியில்லாமல் கூலியை ஏற்றிக் கொடுத்தார்கள். அதுவும் வெள்ளைக்காரனோடு மோதியதுதானே, கொடி மட்டும் இல்லை.

உசிலைப் பேரன்:

எல்லோருக்கும் நன்றி. பழைய தாள் ஐயா எழுதியதைச் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "வாசல் வரைக்கும் வந்துட்டா போனாரு" என்று கேட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். அழகர்கோவில் ரோடு நண்பரே, விழா எல்லாம் இல்லை, பங்காளிகள் சேர்ந்து பொங்கல் வைக்கிற அன்றைக்கு ஒரு கல் வைப்பதுதான்.

நாள் விஷயம் மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. ஐயர் ஒருவர் மகாளய சதுர்த்தசி என்கிறார், சித்தப்பா ஆடி அமாவாசை என்கிறார், அத்தை சிவராத்திரியே போதும் என்கிறது.

திருப்புவனத்தான்:

எங்கள் ஊர் வைகைக் கரைக்குத் திதி கொடுக்க வருகிற கூட்டத்தைப் பார்த்தே வளர்ந்தவன், அதனால் சொல்கிறேன். இறந்த நாள் தெரியாதவர்களுக்குத்தான் அமாவாசைக் கணக்கெல்லாம், ஆடி அமாவாசையோ தை அமாவாசையோ மகாளய அமாவாசையோ. உங்களுக்கு நாள் தெரிந்துவிட்டது. 1940 செப்டம்பர் 22 என்றால் விக்கிரம வருஷம் புரட்டாசி முதல் வாரம். செப்டம்பர் 16 பௌர்ணமி, அக்டோபர் 1 அமாவாசை, அதற்கு நடுவில் வருகிற நாள், ஆகவே மகாளய பட்சத்துக்குள்ளேயே வருகிறது. பழைய பஞ்சாங்கம் வைத்திருக்கிற ஜோசியரிடம் கேட்டால் சரியான திதியைச் சொல்லிவிடுவார்.

ஐயர் சொன்ன சதுர்த்தசியும் தப்பில்லை, ஆயுதத்தால் இறந்தவர்களுக்கு அந்த நாள் என்று ஒரு முறை உண்டு, டார்பிடோவும் ஆயுதம்தான் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்துக்குப் போங்கள் என்றும் யாராவது சொல்வார்கள், கடலில் போனவருக்குக் கடல் என்று. போக முடிந்தால் போங்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் குடும்பத்தில் தர்ப்பணம் கொடுக்கிற வழக்கம் முன்பிருந்தே உண்டா? இல்லையென்றால் புதிதாக ஒன்றைத் தொடங்கி அடுத்த வருஷம் விட்டுவிடுவதைவிட, ஏற்கெனவே செய்வதைச் செய்யுங்கள். வேட்டியைப் பெட்டியில் வைத்து வருஷா வருஷம் திறந்து கும்பிடுகிறீர்கள், அவர் இப்போதே உங்கள் வீட்டுச்சாமிதான். அந்த வேட்டியை மாற்றிப் புதுசு வைத்து, அவருக்குப் பிடித்ததைப் படையல் போடுங்கள். பெரிய அப்பத்தாவுக்கும் சேர்த்து ஒரு சேலை வையுங்கள். கரையேற்றுவது என்று குறிகாரர் சொன்னதற்காக ஆயிரக்கணக்கில் யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம், இந்த ஊர்க் கரையில் உட்கார்ந்து எத்தனையோ பேர் ஏமாந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கல்வெட்டுக் கிறுக்கு:

கல்லைப் பற்றி யாருமே சொல்லவில்லையே, அதனால் நான் வருகிறேன். உங்கள் பக்கத்திலேயே, ஆண்டிபட்டி வட்டாரத்தில் வைகை ஓரமாக, புலிமான்கோம்பை என்ற ஊர் இருக்கிறது. 2006ல் அங்கே தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் தமிழ் பிராமி எழுத்தில் நடுகற்கள் கண்டுபிடித்தார்கள், 2,000 வருஷத்துக்கும் மேல் பழசு. அதில் ஒன்றில் இருக்கிற மொத்த வாசகமே இதுதான்: "கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்". கூடலூரில் நடந்த மாடு பிடி சண்டையில் இறந்த தீயன் அந்தவனுக்கு வைத்த கல் என்று பொருள் கொள்கிறார்கள். ஆள், இடம், என்ன சண்டை. வேறு ஒரு வார்த்தை இல்லை. வீரன், தியாகி, மாவீரன் எதுவும் இல்லை. இத்தனை நூற்றாண்டு கழித்தும் நமக்குப் புரிகிறது.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: இன்னார் மகன் இன்னார், கெம்மண்டைன் கப்பல் மாலுமி, 1940 ஜூலை 13 ஜெர்மானியரிடம் கைதியானார், 22.9.1940 அன்று பிரான்ஸ் கரையருகே டிர்ரானா கப்பல் பிரிட்டிஷ் டார்பிடோவால் மூழ்கியபோது இறந்தார், இவர் மனைவி இன்னார். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், காத்திருந்தது அந்த அம்மாள்.

மேலமாசி வீதி நண்பருக்கு: பிரிட்டிஷ் என்ற வார்த்தை இருக்கிறது, போதும். கோபத்தை எல்லாம் கல்லில் வெட்டினால் அடுத்த தலைமுறை காரணம் கேட்கும், சொல்ல ஆள் இருக்காது. அப்புறம், பளபளவென்று பாலிஷ் போட்ட கறுப்புக் கிரானைட்டில் பெயிண்ட் அடித்த எழுத்து வேண்டாம், நாலு வருஷ வெயிலில் பெயிண்ட் போய்விடும். சாதாரணக் கல்லானாலும் உளியால் ஆழமாக வெட்டச் சொல்லுங்கள்.

மேலமாசி வீதி:

சரி, ஒத்துக்கொள்கிறேன். பிரிட்டிஷ் என்ற சொல்லை மட்டும் யாரும் எடுக்கச் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உசிலைப் பேரன்:

தேதியைப் போட்டுத் தேடினேன். வரிசையாகப் பெயர்கள் வந்தன, எல்லாம் ஒரே நாள். அதில் எங்கள் ஆள் மாதிரி ஒரு பெயர் இருக்கிறது, ஆனால் எழுத்து கன்னாபின்னாவென்று இருக்கிறது, ஊர் இல்லை, அப்பா பெயரும் இல்லை. வேலை என்ற இடத்தில் ஃபயர்மேன், அதாவது பாய்லர் அடுப்புக்குக் கரி போடுகிறவர். அத்தை அதைக் கேட்டதும் "அதான் அடுப்படி" என்று சொல்லிவிட்டது, அதற்கு மேல் நிரூபணம் வேண்டாமாம்.

இதற்கிடையில் வீட்டில் ஒரு கூத்து. பெரியப்பா மகன் ஒருவன் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். பெரிய தாத்தாவுக்குப் போட்டோவே கிடையாது, ஆனால் அவன் நேதாஜி படை உடுப்பு, தொப்பி, கையில் துப்பாக்கி எல்லாம் போட்டு, தாத்தாவின் முகத்தை ஒட்டி, பின்னால் பெரிய போர்க்கப்பல் ஒன்றை வைத்து இருபது அடிக்கு டிசைன் போட்டுவிட்டான். சிவராத்திரிக்குக் கோயில் வளைவில் கட்டப் போகிறானாம். எப்படி நிறுத்துவது?

பழைய தாள்:

நிறுத்தாதீர்கள், மாற்றச் சொல்லுங்கள். கெம்மண்டைன் கப்பலின் பழைய படம் இணையத்தில் கிடைக்கும், போர்க்கப்பலை எடுத்துவிட்டு அதை வைக்கட்டும். முகமும் உடுப்பும் வேண்டாம், அந்த 1941 கடிதத்தையே பெரிதாக அடிக்கச் சொல்லுங்கள், கீழே தமிழில் அதன் விஷயம். ஃப்ளெக்ஸ்காரத் தம்பிக்கும் வேலை கொடுத்த மாதிரி இருக்கும். நம் ஊரில் ஒருமுறை நேதாஜி உடுப்பில் படம் ஏறிவிட்டால் பத்து வருஷத்தில் அதுதான் வரலாறு.

கடிதத்தை முதலில் நல்ல ஸ்கேனில் எடுத்து நாலைந்து பேரிடம் கொடுத்து வையுங்கள். விபூதி பூசுவதை இனி உறையின் மேல் வைத்துக்கொள்ளுங்கள், காகிதம் தாங்காது.

கீழக்கரைக் காற்று:

ஃபயர்மேன் என்று வந்திருப்பதால் பெரும்பாலும் அவர்தான் என்று எனக்கும் தோன்றுகிறது, ஆனால் உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. பெயர் எழுத்து தப்பாக இருந்தால் ஆதாரம் காட்டித் திருத்தச் சொல்லி ஆணையத்துக்கு எழுதலாம், அப்பா பெயரும் ஊரும் சேர்க்கச் சொல்லலாம். வெறும் "எங்கள் வீட்டில் சொல்வார்கள்" என்றால் ஏற்கமாட்டார்கள், காகிதம் வேண்டும். அந்த ஏஜென்ட் கடிதம் ஒன்று. அப்புறம் உங்கள் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் அல்லது பாகப் பிரிவினைப் பத்திரம் பாருங்கள், அதில் "இன்னார் குமாரர்கள் இன்னார், இன்னார்" என்று அண்ணன் தம்பி இருவர் பெயரும் வந்திருக்க வாய்ப்பு உண்டு, கப்பலில் காணாமல் போனவர் பங்கை என்ன செய்தார்கள் என்றுகூட எழுதியிருக்கலாம். வீட்டில் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு போடுங்கள், வருஷமும் கிராமமும் தெரிந்தால் எடுத்துக் கொடுப்பார்கள், கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும்.

அந்தப் பட்டியலில் மதுரா, ராம்நாட் என்று வேறு யாராவது இருந்தால் எனக்கும் எழுதுங்கள் அண்ணே. எங்கள் தெருவிலும் 1940ல் போய் சேதி வராத ஒருவர் உண்டு, எந்தக் கப்பல் என்றே அந்த வீட்டுக்குத் தெரியாது.

உசிலைப் பேரன்:

ராம்நாட் இரண்டு இருக்கிறது. படத்தை உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன்.